மொரீஷியஸ் வழியாக வந்த பணம்

கேள்வி இதுதான்: "கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரிய ஒரு தீவு. மக்கள்தொகை பதிமூன்று லட்சத்தைத் தொடவில்லை. அங்கிருந்து இந்தியாவுக்கு இவ்வளவு அந்நிய முதலீடு எப்படி வருகிறது? இது சட்டப்படி சரியா? என் மைத்துனர் கோவையில் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறார். அவரும் அங்கே ஒரு கம்பெனி தொடங்கலாம் என்று ஒருவர் சொல்கிறார், நம்பலாமா?"

மொரீஷியஸ் வழியாக முதலீடு செய்யும் ஃபண்டுகளின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். மூன்றாவது கேள்விக்குப் பதில் சுருக்கமானது, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதல் இரண்டுக்கும் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

முதலில் அளவைப் பார்ப்போம். 2000 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை இந்தியாவுக்கு வந்த நேரடி அந்நியப் பங்கு முதலீட்டில் ஏறத்தாழ கால் பங்கு, அதாவது 17,000 கோடி டாலருக்கு மேல், மொரீஷியஸ் கணக்கில் பதிவாகியிருக்கிறது. அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி எல்லாம் அதற்குப் பின்னால்தான். இது அந்தத் தீவு மக்கள் சேர்த்த பணம் கிடையாது. அமெரிக்க ஓய்வூதிய நிதிகள், ஐரோப்பிய முதலீட்டாளர்கள், வளைகுடாப் பணக்காரர்கள், சில சமயம் இந்தியர்களே. இவர்கள் பணம் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியில் ஒரு கம்பெனியின் பெயரில் ஏறி, அங்கிருந்து மும்பைக்கு இறங்கியது. எங்கள் தொழிலில் இதை 'மொரீஷியஸ் ரூட்' என்போம்.

அந்த வழியைத் திறந்துவிட்டது ஓர் ஒப்பந்தத்தில் இருந்த ஒரே ஒரு வாசகம். 1982 ஆகஸ்ட் 24 அன்று இந்தியாவும் மொரீஷியஸும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடுகளும் வரி போட்டால் யாரும் தொழில் செய்ய வரமாட்டார்கள். ஆகவே எந்த வருமானத்துக்கு எந்த நாடு வரி வாங்கும் என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்வதுதான் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களின் வேலை. அதில் 13-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவு சொன்னது: மொரீஷியஸில் வசிக்கும் ஒருவர் இந்தியக் கம்பெனியின் பங்குகளை விற்று லாபம் பார்த்தால், அந்த லாபத்துக்கு வரி போடும் உரிமை மொரீஷியஸுக்கு மட்டுமே. மொரீஷியஸிலோ மூலதன ஆதாய வரி என்ற ஒன்றே இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விடை பூஜ்யம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அமெரிக்க நிதி நேரடியாக இந்தியக் கம்பெனி ஒன்றில் 100 கோடி போட்டு, சில ஆண்டுகள் கழித்து 300 கோடிக்கு விற்கிறது. லாபம் 200 கோடி. வரி 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 40 கோடி இந்தியக் கருவூலத்துக்கு வந்திருக்கும். அதே நிதி மொரீஷியஸில் ஒரு கம்பெனி தொடங்கி அதன் பெயரில் வாங்கி விற்றால் அந்த 40 கோடி அப்படியே நிதியிடமே தங்கிவிடும். அங்கே கம்பெனி நடத்த ஆகும் செலவு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

1982-இல் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளக் காரணமும் இல்லை. அப்போது வெளிநாட்டு நிதிகள் நம் பங்குச் சந்தையில் நுழையவே முடியாது. அந்த வாசகம் பத்து ஆண்டுகள் தூங்கியது. 1991-இல் இந்தியா பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. 1992 செப்டம்பரில் வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் பங்குச் சந்தைக்குள் அனுமதிக்கப்பட்டன. அதே 1992-இல் மொரீஷியஸ் நாடாளுமன்றம் ஆஃப்ஷோர் வணிகத்துக்கென்று, அதாவது அங்கே பதிவு செய்துகொண்டு வெளிநாடுகளில் தொழில் செய்யும் கம்பெனிகளுக்கென்று, தனிச் சட்டம் இயற்றியது. அப்போது அங்கே நிதியமைச்சர் ராமா சித்தானன்; தமிழ் வம்சாவளியினர். சாவி ஒருவர் கையில் இருந்தது, பூட்டு இன்னொருவர் வீட்டில் இருந்தது. இரண்டும் ஒரே ஆண்டில் சந்தித்தன.

ஒரு சிறிய நாடு ஏன் இந்தத் தொழிலுக்குப் போனது என்பதையும் சொல்ல வேண்டும். ஆஃப்ஷோர் தீவு என்றவுடன் கடற்கொள்ளையர் குகையைக் கற்பனை செய்பவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. 1968 மார்ச் 12 அன்று சுதந்திரம் பெற்றபோது மொரீஷியஸுக்குக் கரும்பைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. பிற்பாடு நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட், 1961-இல் அந்தத் தீவைப் பற்றி எழுதிய அறிக்கையில், பெருகும் மக்கள்தொகையும் ஒற்றைப் பயிரும் சேர்ந்து நாட்டை மூழ்கடித்துவிடும் என்ற அச்சத்தை வெளியிட்டிருந்தார். 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் கொண்டுவந்து தையல் ஆலைகளை வரவழைத்தார்கள். 1975 முதல் ஐரோப்பா ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் டன் சர்க்கரையை நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டது. பின்னால் இந்த இரண்டுமே கைவிட்டன. 2005 தொடக்கத்தில் துணி ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை முடிந்துபோனது. 2006-இல் ஐரோப்பா சர்க்கரை விலையை 36 சதவீதம் குறைக்கும் சீர்திருத்தத்தை எடுத்தது. அதற்கு முன்பே ஆஃப்ஷோர் என்ற மூன்றாவது காலை ஊன்றியிருந்ததால்தான் அந்த நாடு விழாமல் நின்றது. இன்று அவர்கள் பொருளாதாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிதிச் சேவைகள்தான்.

நம்மவர்களுக்கு அந்தத் தீவு ஒன்றும் அந்நியம் இல்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்கள் போனார்கள். 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களிலும் தமிழர்கள் உண்டு. தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை நாள். நான் முதன்முதலில் போர்ட் லூயியில் பணம் மாற்றியபோது கையில் வந்த 100 ரூபாய் நோட்டில் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ்த் தலைவரின் படம், மதிப்பு தமிழ் எழுத்திலும் இருந்தது. 1998-இல் புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சிட்டபோது தமிழர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. கம்பெனிப் பத்திரங்களில் கையெழுத்திடும் உள்ளூர் அதிகாரிகளின் பெயர்களைப் படிக்கும்போது எனக்கு மனம் நெகிழும். சுப்பிரமணியன் பிரெஞ்சு உச்சரிப்பில் 'சூப்ரமானியென்' ஆகியிருப்பார், வேலாயுதன் 'வலேடோன்' ஆகியிருப்பார். முன்னோர் கரும்பு வெட்டிய மண்ணில் பேரர்கள் கணக்கு எழுதுகிறார்கள்.

இனி அந்தக் கம்பெனிகள் உண்மையில் எப்படி நடந்தன என்பதற்கு வருவோம். தலைநகருக்குத் தெற்கே ஏபேன் என்ற இடத்தில், கரும்புக்காடு இருந்த நிலத்தில், இந்தியக் கடனுதவியோடு எழுந்த சைபர் சிட்டி இருக்கிறது. கண்ணாடிக் கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் 'மேனேஜ்மென்ட் கம்பெனி' என்று அழைக்கப்படும் உரிமம் பெற்ற நிறுவனங்கள். ஒரே நிறுவனத்தின் முகவரியில் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் பதிவாகியிருக்கும்.

அங்கே நான் உட்கார்ந்து பார்த்த ஓர் இயக்குநர் கூட்டத்தைச் சொல்கிறேன். மாலை நான்கு மணி. அப்போது மும்பையில் ஐந்தரை, நியூயார்க்கில் காலை எட்டு. இந்த நேர வசதியும் தீவின் மூலதனத்தில் ஒன்று. நீள மேசையில் உள்ளூர் இயக்குநர்கள் இரண்டு பேர், கம்பெனிச் செயலாளர் ஒருவர், நடுவில் ஸ்பீக்கர் போன். அழைப்பை மொரீஷியஸிலிருந்துதான் தொடங்க வேண்டும், நியூயார்க்கிலிருந்து வரும் அழைப்பை எடுக்கக் கூடாது என்பதில் செயலாளர் கவனமாக இருந்தார். முடிவு எடுக்கப்பட்ட இடம் தீவுதான் என்பதற்கு அது சாட்சி. மினிட்ஸின் முதல் வரியில் கூட்டம் நடந்த கட்டடமும் மாடியும் எழுதப்பட்டன. தீர்மானம், ஶ்ரீபெரும்புதூர் பக்கத்து உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் பங்குகளை விற்பது. நியூயார்க்கில் இருந்தவர் காரணங்களைச் சொன்னார். உள்ளூர் இயக்குநர் ஒருவர் விலை எப்படி நிர்ணயமானது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதில் வந்தது. பதினொரு நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. அந்த விலையை யார் பேசினார்கள், எங்கே பேசினார்கள் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சட்டம் கேட்டது எல்லாம் அங்கே இருந்தது: உள்ளூரில் வசிக்கும் இரண்டு இயக்குநர்கள், உள்ளூர் வங்கியில் முதன்மைக் கணக்கு, உள்ளூரில் வைத்திருக்கும் கணக்கேடுகள், உள்ளூர்த் தணிக்கை.

இவை சரியாக இருந்தால் அந்நாட்டு வருவாய்த் துறை ஒரு தாள் கொடுக்கும். வரி வசிப்பிடச் சான்றிதழ். ஓராண்டுக்குச் செல்லுபடியாகும் ஒற்றைத் தாள். அந்த நாட்களில் இந்திய வருமான வரி அதிகாரி முன்னால் அதை வைத்தால், மேற்கொண்டு கேள்வி இருக்கவில்லை.

கேள்வி கேட்க ஒருமுறை முயன்றார்கள். 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மும்பை வரி அதிகாரிகள் சில வெளிநாட்டு நிதிகளுக்கு, 'நீங்கள் பெயருக்குத்தான் மொரீஷியஸ்வாசிகள்' என்று நோட்டீஸ் அனுப்பினார்கள். சந்தை ஆடிப்போனது. அந்த ஆண்டு ஏப்ரல் 13 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 789-ஆம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டது: சான்றிதழ் இருந்தால் போதும், அதற்கு மேல் தோண்டாதீர்கள். இதை எதிர்த்து வழக்குப் போனது. 2002-இல் தில்லி உயர் நீதிமன்றம் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2003 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம், ஆஸாதி பசாவோ ஆந்தோலன் வழக்கில், அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. ஒப்பந்தத்தைத் தேடிப் பிடித்துப் பயன்படுத்துவது தன்னளவில் சட்டவிரோதம் ஆகாது. வளரும் நாடுகள் முதலீட்டை ஈர்ப்பதற்காக வரி இழப்பைத் தெரிந்தே பொறுத்துக்கொள்வதுண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

'இது சட்டப்படி சரியா' என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை அங்கேயே இருக்கிறது. சரிதான். இந்திய அரசு தெரிந்தே கதவைத் திறந்து வைத்தது, உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. மொரீஷியஸ் நம்மை ஏமாற்றிவிட்டது என்று பேசுகிறவர்களோடு நான் இதில் உடன்படவில்லை. தொண்ணூறுகளில் நமக்கு டாலர் அவசரமாக வேண்டியிருந்தது. 'எங்கள் சந்தைக்கு வாருங்கள், லாபத்துக்கு வரி வேண்டாம்' என்று நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகச் சொல்லும் அரசியல் துணிச்சல் எந்தக் கட்சிக்கும் இல்லை. அதனால் அந்தச் சலுகையை ஒரு தீவின் வழியாகக் கொடுத்தோம். என் குறை அதில்தான். வெளிப்படையாகக் கொடுத்திருந்தால் எவ்வளவு இழந்தோம் என்று ஒவ்வொரு பட்ஜெட்டிலும் கணக்குக் கேட்டிருக்கலாம். பங்கு விற்ற சிறு முதலீட்டாளர் இங்கே வரி கட்டிய அதே ஆண்டுகளில் அந்தக் கணக்கு யார் கையிலும் இல்லாமல் போயிற்று.

அந்தக் கதவில் வேண்டாதவர்களும் நுழைந்தார்கள். இந்தியாவிலேயே கணக்கில் காட்டாத பணம் ஹவாலாவில் வெளியே போய், மொரீஷியஸ் கம்பெனியாகச் சட்டை மாற்றிக்கொண்டு, அந்நிய முதலீடு என்ற மரியாதையோடு திரும்பி வரும். 'ரவுண்ட் டிரிப்பிங்' என்பது இதைத்தான். இது எந்தச் சட்டத்திலும் சரியில்லை. முதலீட்டாளர் பட்டியலைத் திறந்து பார்க்க முடியாத வரை நல்ல பணத்தையும் இதையும் பிரித்தறிய முடியாது என்பதே பெரிய சிக்கல்.

கதவு மூடியது 2016 மே 10 அன்று. அன்று கையெழுத்தான திருத்தத்தின்படி, 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கும் பங்குகளை விற்றால் வரும் லாபத்துக்கு இந்தியா வரி போடலாம். அதற்கு முன் வாங்கியவற்றுக்குப் பழைய சலுகை தொடரும் என்றார்கள். நடுவில் இரண்டு ஆண்டுகள், 2019 மார்ச் வரை, பாதி விகிதம். அதுவும் அந்தக் கம்பெனி தீவில் உண்மையாகச் செலவு செய்து இயங்கியிருந்தால் மட்டும். சிங்கப்பூரின் சலுகை மொரீஷியஸின் சலுகையோடு கட்டப்பட்டிருந்ததால் அந்த ஆண்டு இறுதியில் அதுவும் திருத்தப்பட்டது. 2024 மார்ச் 7 அன்று இன்னொரு திருத்தத்திலும் கையெழுத்திட்டார்கள்: ஓர் ஏற்பாட்டின் முக்கிய நோக்கங்களில் ஒன்று வரிச் சலுகைதான் என்றால் ஒப்பந்தப் பலன் கிடைக்காது என்பது அதன் உள்ளடக்கம்.

அப்படியானால் இன்னும் ஏன் பணம் அங்கிருந்து வருகிறது? விற்பனை லாபத்தைப் பொறுத்தவரை 2016 திருத்தம் பங்குகளை மட்டுமே தொட்டது. கடன் பத்திரங்கள், பங்கு விலை போன்றவற்றின் ஏற்ற இறக்கத்தை வைத்துப் போடும் டெரிவேட்டிவ் ஒப்பந்தங்கள் ஆகியவற்றை விற்று வரும் லாபம் பழைய விதியில் நின்றது. டிவிடெண்டுக்கு நம் உள்நாட்டுச் சட்டம் வெளிநாட்டவரிடம் 20 சதவீதம் கேட்கிறது. மொரீஷியஸ் கம்பெனி பத்து சதவீதப் பங்கை நேரடியாக வைத்திருந்தால் ஒப்பந்தப்படி 5 சதவீதம்தான். இவற்றோடு வரியில் சேராத காரணங்களும் உண்டு. ஆங்கிலமும் பிரெஞ்சும் தெரிந்த கணக்காளர்கள், ஆங்கிலேய மரபில் வந்த கம்பெனிச் சட்டம், லண்டன் பிரிவி கவுன்சில் வரை போகும் மேல்முறையீடு. பல நாட்டு முதலீட்டாளர்கள் ஒரே பானையில் பணம் போடும்போது, சண்டை வந்தால் எங்கே தீர்ப்பது என்பது வரியைவிடப் பெரிய கவலை.

2020 பிப்ரவரியில் கறுப்புப் பணத் தடுப்புக்கான சர்வதேச அமைப்பு மொரீஷியஸைச் சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதல் கண்காணிப்புக்குரிய நாடுகளின் பட்டியலில், வைத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஐரோப்பாவின் பட்டியலிலும் ஏறியது. எங்கள் அலுவலகத்தில் அந்த மாதங்கள் நினைவிருக்கின்றன: ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார் என்று மீண்டும் முதலிலிருந்து கேட்டது. தீவு அரசு விழுந்தடித்துக்கொண்டு விதிகளை இறுக்கியது. 2021 அக்டோபரில் சாம்பல் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. இப்படி அழுத்தினால் மாறுகிறார்கள் என்பதை அப்போது கண்ணால் கண்டேன்.

இந்தக் கதையில் எனக்கு உண்மையாக வலிக்கும் பகுதி ஆப்பிரிக்கா. மொரீஷியஸுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளோடு இத்தகைய ஒப்பந்தங்கள் உண்டு. அவற்றில் ஏழை ஆப்பிரிக்க நாடுகளும் இருக்கின்றன. இந்தியாவுக்குப் பேரம் பேசும் பலம் இருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்தாவது திருத்திக்கொண்டோம். அவர்களுக்கு அந்தப் பலம் இல்லை. 2019 ஜூலையில், ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்த சுமார் இரண்டு லட்சம் ஆவணங்களைப் பத்திரிகையாளர்கள் வெளியிட்டார்கள். ஆப்பிரிக்காவில் ஈட்டிய லாபத்துக்கு அங்கே வரி கட்டாமல் தீவின் வழியாக நகர்த்தும் ஏற்பாடுகள் அதில் விவரமாக இருந்தன. செனகல் 2020-இல் தன் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது; ஜாம்பியாவும் அப்படியே. கென்யாவில் 2019-இல் உயர் நீதிமன்றமே ஒப்பந்தத்தைச் செல்லாது என்றது. ஒரு மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ போக வேண்டிய வரி அது. தீவின் பிழைப்புக்காக நான் எவ்வளவு பரிந்து பேசினாலும், தன்னைவிட ஏழையான நாட்டின் பையிலிருந்து அந்தப் பிழைப்பு வருவதை நியாயப்படுத்த என்னால் முடியாது.

இனி உங்கள் மைத்துனர் விஷயம். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மேலே சொன்ன வழி எல்லாம் வெளிநாட்டவர் இந்தியாவுக்குள் பணம் போடுவதற்கு ஆனது. அவர் இந்தியாவில் வசிக்கும் இந்தியர். வாடிக்கையாளர்களுக்கு மொரீஷியஸ் கம்பெனி பெயரில் பில் போட்டு லாபத்தை அங்கே நிறுத்தி வைத்தால், வேலை செய்வது கோவையில் உட்கார்ந்திருக்கும் பொறியாளர்கள்தானே, லாபம் மட்டும் எப்படி அங்கே போனது என்று வரித் துறை கேட்கும். அதற்கு விடை இருக்காது. கம்பெனி வளர்ந்து விற்றுமுதல் 50 கோடியைத் தாண்டினால், அதை உண்மையில் நிர்வகிக்கும் இடம் இந்தியா என்று சொல்லி முழு வருமானத்துக்கும் இங்கேயே வரி கேட்கலாம். அந்த விதி 2017 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த வெளிநாட்டுப் பங்குகளை ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். மறைத்தால் 2015-இன் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம். இவற்றுக்கு மேல் அங்கே உரிமக் கட்டணம், இயக்குநர்கள் சம்பளம், தணிக்கைக் கட்டணம் ஆண்டு தவறாமல் போய்க்கொண்டே இருக்கும்.

உண்மையில் ஆப்பிரிக்காவில் வாடிக்கையாளர்கள் இருந்து, ஏபேனில் பத்துப் பேரை வேலைக்கு வைத்து அங்கிருந்தே சேவை செய்யப் போகிறார் என்றால் கதை வேறு. அப்போது அது ஒரு நல்ல ஊர். அப்படி ஒரு திட்டம் இருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் 2022-இன் வெளிநாட்டு முதலீட்டு விதிகளை எடுத்துக்கொண்டு அவருடைய ஆடிட்டரோடு ஒரு நாள் உட்காரச் சொல்லுங்கள். 'கம்பெனி தொடங்கினால் போதும், வரி இல்லை' என்று சொன்ன அந்த நபரையும் கூடவே உட்கார வைத்து, அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.